இரட்டை உயிர் வண்டியும் சத்தமில்லாத பக்கியும்

புக்கிட் பெலிம்பிங் ரப்பர் தோட்டத்து டிராக்டர் வீராசாமிக்கு மனிதர்கள் இரண்டே வகை. ஓடுகிற வண்டியை ஓட்டுகிறவர்கள் ஒரு வகை, நின்றுபோன வண்டியைக் கிளப்புகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையில் உலகத்தார் எல்லாரும் அடக்கம். இரண்டாவது வகையில் அவர் ஒருவர்தான்.

"ஓடுற வண்டிய கழுதகூட ஓட்டும்லா. நின்னத கெளப்புறவன்தான் டிரைவரு," என்பார். கல்யாணப் பந்தியிலும் சொல்வார், கருமாதி வீட்டிலும் சொல்வார். கருமாதி வீட்டில் சொன்னபோது மட்டும் செத்தவரின் மகன் கொஞ்சம் முறைத்தான்.

அவர் பேச்சில் உண்மை இல்லாமலும் இல்லை. சிம்பாங் அம்பாட்டிலிருந்து உள்ளே பிரியும் செம்மண் பாதை மழைக்காலத்தில் பாதையாக இருக்காது, களி கிண்டிய சட்டி போல இருக்கும். ரப்பர் பால் ஏற்றிய இழுவை வண்டியோடு டிராக்டர் அதில் அச்சு வரைக்கும் புதைந்துவிடும். வேறு எந்த டிரைவராக இருந்தாலும் இறங்கி ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு கங்காணியைத் தேடிப் போவான். வீராசாமி இறங்கவே மாட்டார். கிளட்சை அரை விரல் விடுவார், அரை விரல் பிடிப்பார், நடுவில் டிராக்டரோடு என்னவோ பேசுவார். வண்டி பூனைக்குட்டி மாதிரி எழுந்து வரும். ஒருமுறை டிராக்டரோடு சேர்ந்து பாதிச் சதுப்பும் கிளம்பி வந்து தமிழ்ப்பள்ளி வாசலில் இறங்கியதாகவும், அதில் இருந்த கெளுத்தி மீன்களை வாத்தியார்கள் குழம்பு வைத்ததாகவும் சொல்வார்கள். சொல்பவர்களில் நானும் ஒருத்தி.

வருஷம் முழுக்க ரப்பர் பாலை இழுத்த அந்த டிராக்டர், ஆடி மாதத்தில் ஒரு நாள் மாரியம்மன் தேரை இழுக்கும். அம்மனுக்குக் குல்லாய் வைத்தது போலச் சின்னத் தேர்தான், கார் டயர் பூட்டியது. ஆனாலும் தேர் தேர்தான். கிளம்புவதற்கு முன்னால் பூசாரி பிச்சைமுத்து, அம்மன் காலடியில் வைத்த சிவப்புக்கரைப் பட்டுத்துணியை எடுத்து வந்து வீராசாமியின் தலையில் பரிவட்டமாகக் கட்டுவார். மற்ற நாளெல்லாம் அவர் மனைவி சுப்பம்மா அவரை "இந்தாளு" என்றுதான் சொல்லுவாள். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் "அவுங்க" என்பாள். தோட்டத்து ஆபீசின் பெரிய கிராணியார்கூட ஒதுங்கி வழிவிடுவார். அந்தத் துணியை அவிழ்க்க மனமில்லாமல் வீராசாமி அதோடேயே படுத்துத் தூங்குவார். பரிவட்டம் இல்லாத வீராசாமி என்று ஒருவர் இருக்கக்கூடும் என்பது அவர் புத்திக்கே எட்டாத விஷயம்.

தோட்டத்தை விற்றார்கள். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுப் புல்லை வளர்த்தார்கள், அதற்குக் கோல்ஃப் என்று பேர். டிராக்டரைப் பழைய இரும்புக்காரன் லோரியில் ஏற்றிக்கொண்டு போனான். வீராசாமிக்குப் புல்லுக்குத் தண்ணீர் விடும் வேலை கிடைத்தது. மரம் சீவிய பெண்கள் பந்து பொறுக்கினார்கள். அவர் மருமகள் பவானேஸ்வரிக்குத்தான் யோகம்: விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு போகிற பேட்டரி பக்கியை ஓட்டுகிற வேலை. பக்கி என்பது கூரை போட்ட சின்னக் கார். ஸ்டியரிங் உண்டு, கியர் கிடையாது, சத்தம் கிடையாது. காலை வைத்தால் போகும், எடுத்தால் நிற்கும்.

தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ஆடி நெருங்கியபோது, தேரை எதை வைத்து இழுப்பது என்ற கேள்வி வந்தது. கோயில் தலைவர் இராஜரட்ணம் ஐயா கோல்ஃப் கிளப்பில் பேசி ஒரு பக்கியை வாங்கிக் கொடுத்தார். அவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்தில் அவர் ஊசி குத்தாத பிட்டம் கிடையாது என்பதால் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சும் கிடையாது. பக்கியை ஓட்டுவதற்குப் பவானேஸ்வரி இருக்கவே இருக்கிறாள் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

செய்தி வீராசாமிக்குச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. கொண்டுவந்ததே மருமகள்தான்.

"மாமா, இந்த வருசம் தேரு நாந்தான் ஓட்டணுமாம். ஐயா சொல்லிட்டாரு."

வீராசாமி நெத்திலியைக் கீழே வைத்தார். "எதுல?"

"பக்கியிலதான்."

"அந்தக் கொழந்தைங்க வண்டியா? அது தேர இழுக்காதும்மா. தேருதான் அத இழுத்துக்கிட்டுப் போவும்."

"நாலு சைனாக்காரன் ஏறுறான் மாமா, மூட்ட முடிச்சோட. மேட்டுல சர்ருனு போகுது."

"போவும். ஓடுறது போவும். நின்னத கெளப்புமா?"

"பரிவட்டம் யாருக்கு?" என்று சுப்பம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள். அவளுக்கு எப்போதும் சண்டையின் வேர் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

"ஓட்டுறவங்களுக்குத்தானே அத்தை," என்றாள் பவானேஸ்வரி. குரலில் ஆசை லேசாக எட்டிப்பார்த்தது.

வீராசாமி அன்றைக்கு ரசத்தைத் தொடவில்லை.

மறுநாள் காப்பிக்கடையில் இராஜரட்ணம் ஐயா ஆங்கிலப் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு ஒரு சேதி சொன்னார். "இஞ்ச பாரும் வீராசாமி. ஜப்பான்காரன் ஒரு கார் விட்டிருக்கிறானாம். பெற்றோலும் இருக்கு, பற்றரியும் இருக்கு. ரெண்டும் சேந்து ஓடுமாம்."

அவர் சும்மா பேச்சுக்குத்தான் சொன்னார். ஆனால் வீராசாமியின் காதில் அது அசரீரி மாதிரி விழுந்தது. பேட்டரி வண்டியை எதிர்த்து டிராக்டரைக் கொண்டுவர முடியாது, டிராக்டர் போய்விட்டது. பேட்டரியோடு பெட்ரோலும் சேர்ந்த வண்டியைக் கொண்டுவந்தால்?

கிளப்பின் கொட்டகைக்குப் பின்னால் பேட்டரி செத்த ஒரு பழைய பக்கி கிடந்தது. அதைக் கேட்டு வாங்கினார். மலாய்க்காரர்களின் கம்போங் பக்கம் எவனோ மரத்தில் மோதிவிட்டு விட்டுப்போன கப்சாய் மோட்டார் சைக்கிளின் இஞ்சினைக் கழற்றிக்கொண்டு வந்து பக்கியின் பின்னால் பூட்டினார். அதோடு லோரி டைனமோ ஒன்றை வார் போட்டு இணைத்தார். எங்கிருந்தோ பழைய பேட்டரிகளைக் கொண்டுவந்து சீட்டுக்கடியில் அடுக்கினார். பவானேஸ்வரி வேலைக்குப் போகும்போதும் ஸ்பானர் சத்தம், வரும்போதும் ஸ்பானர் சத்தம்.

வேலை முடிந்ததும் ஊரைக் கூட்டிக் காட்டினார். வண்டி முதுகுப்பக்கமாக வயிறு வைத்த பிள்ளைத்தாய்ச்சி மாதிரி நின்றது.

"இதுக்குப் பேரு இரட்டை உயிர்," என்றார். "பேட்டரி வண்டிய இழுக்கும். இஞ்சின் பேட்டரிக்குச் சோறு போடும். புருசன் பொண்டாட்டி மாதிரி."

"இதுல சோறு போடுறது யாரு, சும்மா உறுமிக்கிட்டு இருக்கிறது யாரு?" என்று கேட்டாள் சுப்பம்மா.

"ரெண்டையும் இஞ்சின்தான் செய்யுது."

"அப்ப அது பொண்டாட்டிதான்."

இப்போது இரண்டு வண்டிகள், ஒரு தேர், ஒரு பரிவட்டம். ஆளாளுக்குக் கட்சி கட்டினார்கள். வீராசாமியே வழி சொன்னார்: "போட்டி வையுங்கய்யா. எது வேகமா ஓடுதுன்னு பாக்காதீங்க, அது குதிர ரேஸ்காரன் வேல. நின்ன எடத்துலருந்து எது மொதல்ல கெளம்புதுன்னு பாருங்க. மொதல்ல கெளம்புற வண்டிக்கே தேரு."

"உதுதான் விதியோ? பிறகு மாத்த மாட்டீரே?" என்று கேட்டார் தலைவர்.

"வீராசாமி பேச்சு மாறுனா மாரியாத்தா கேக்கட்டும்."

அவர் அப்படிச் சொன்னபோது மாரியாத்தா கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

சிக்கல் ஒன்று இருந்தது. திருவிழா அன்றைக்கு அல்லாமல் தேரைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுக்கக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். தேர் இல்லாமல் எப்படிப் பரீட்சை செய்வது? ஒரு காலத்தில் ரப்பர் பால் ஏற்றிய பழைய இழுவை வண்டிகள் இரண்டைத் திடலுக்குக் கொண்டுவந்து, ஆளுக்கொன்றாகப் பூட்டினார்கள். தேர்க் கனத்துக்குத் தண்ணீர்ப் பீப்பாய்கள் ஏற்றியாயிற்று. அம்மனுக்கு? அம்மன் இடத்தில் வெறும் நாற்காலியை வைப்பது அபசகுனம் என்று பூசாரி சொன்னார். யாராவது உட்கார வேண்டும், அதுவும் கோயிலில் பொறுப்புள்ளவர்களாக இருக்க வேண்டும். ஆகவே பவானேஸ்வரியின் வண்டிக்குத் தலைவர் இராஜரட்ணம் அம்மன். வீராசாமியின் வண்டிக்குப் பூசாரி பிச்சைமுத்து அம்மன். பூசாரி அந்தக் காலத்து அம்மி போல இருப்பார், தலைவரோ அகப்பைக் காம்பு. கனம் சரியாக இருக்க வேண்டுமே என்று தலைவரின் மடியில் ஒரு அரிசி மூட்டையை வைத்தார்கள். அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில், கழுத்தில் மாலையோடு அவர் வீற்றிருந்த கோலத்தைப் பார்த்து ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நடுவர் சுப்பம்மா. ஒருத்தன் புருஷன், ஒருத்தி மருமகள். இரண்டு பேரையும் அவளுக்குச் சமமாகப் பிடிக்காது என்பதால் நியாயம் பிசகாது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

புதுவண்டி என்றால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் எப்படி? பூசாரி அம்மன் பதவியிலிருந்து இறங்கி வந்து முதலில் வீராசாமியின் வண்டிக்கு வைத்தார். இஞ்சின் உறுமிக்கொண்டிருந்ததால் கையை எப்போது எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. அடுத்துப் பவானேஸ்வரியின் வண்டிக்குக் குனிந்தார்.

"சாவி போட்டுட்டியாம்மா?"

"போட்டாச்சுங்க."

"சத்தமே வரலியே?"

"அதுக்குச் சத்தமே வராதுங்க."

"அப்ப உசுரோட இருக்கா இல்லியான்னு எப்படித் தெரியும்?"

"இப்படித்தான்," என்று அவள் காலை லேசாக வைத்துக் காட்டினாள். பழம் நசுங்கியது. பூசாரியின் வேட்டி நுனியும் சக்கரத்துக்கடியில் போய்விட்டது. அவர் அதை உருவிக்கொண்டு, அம்மன் பதவியே பாதுகாப்பு என்று ஓடிப்போய் நாற்காலியில் ஏறிக்கொண்டார்.

எதிரே ரம்புத்தான் மரம் எல்லை. சுப்பம்மா தாம்பாளத்தைத் தட்டினாள்.

பவானேஸ்வரி காலை வைத்தாள். மீனைக் கண்ட பூனைகூட அப்படிப் பாய்ந்திருக்காது. பக்கி பாய்ந்தது, இழுவை வண்டியும் பாய்ந்தது. தலைவர் பாயவில்லை. அவரும் நாற்காலியும் அரிசி மூட்டையும் கிளம்பிய இடத்திலேயே, அந்தரத்தில், ஒரு வெற்றிலை போடுகிற நேரம் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அப்புறம்தான் பூமிக்கு அவர் ஞாபகம் வந்தது. நல்லவேளை, அரிசி மூட்டை முதலில் விழுந்தது, தலைவர் அதன்மேல் விழுந்தார். பவானேஸ்வரி திரும்பிப் பார்க்காமல் ரம்புத்தான் மரத்தை அடைந்து, இறங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இரட்டை உயிர் இன்னும் கிளம்பவே இல்லை. இஞ்சின் உறுமியது. புகை வந்தது. வண்டி ஒருமுறை குலுங்கியது, யோசித்தது, நகர்ந்தது. பூசாரி சீமந்தத்துக்கு அழைத்துப் போகிற பெண்ணைப் போல மெல்ல ஆடி ஆடி வந்தார். பாதித் திடலில் வண்டி நின்றது.

"என்னாலா, நின்னுருச்சா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"நிக்கலடா! பேட்டரி சாப்புடுது!" என்று கத்தினார் வீராசாமி.

பேட்டரி சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எல்லாரும் காத்திருந்தார்கள். ஒருவழியாக வண்டி மரத்தை அடைந்தபோது பூசாரி புகை அடித்துக் கன்னங்கரேல் என்று இருந்தார், கண்ணும் விபூதியும் மட்டும்தான் வெள்ளை.

வீராசாமி இறங்கியதும் கையை உயர்த்தினார். "பாத்துக்கிட்டீங்கல்ல! என் வண்டியில அம்மன் வந்து சேந்துட்டா. அந்த வண்டியில அம்மன் அரிசி மேல கெடக்கா!"

அரிசி மேல் கிடந்த அம்மன் எழுந்து, மாலையைச் சரிசெய்துகொண்டு நொண்டி நொண்டி வந்தார். "வீராசாமி, உமக்கு விதி சொன்னது ஆர்? நீர்தானே? அம்மன் வந்து சேர வேணும் எண்டு சொன்னனீரோ? முதல்ல கிளம்புற வண்டிக்கே தேர் எண்டுதானே சொன்னனீர்? உந்தப் பிள்ளைதான் முதல்ல கிளம்பினது. அதுக்கு என்ர இடுப்பே சாட்சி."

"ஐயா, இருந்தாலும் ஞாயம்னு ஒண்ணு..."

"உம்மட வண்டி தேரை இழுத்தால் அம்மன் கோயிலுக்குத் திரும்பி வாறதுக்குள்ள அடுத்த ஆடி வந்திடும். முடிஞ்சுது."

முடிந்துவிட்டது. வீராசாமியைத் தோற்கடித்தது மருமகளும் இல்லை, பேட்டரியும் இல்லை, அவருடைய வாய். அதோடு எப்படிச் சண்டை போடுவது?

திருவிழா அன்று பரிவட்டம் கட்டுகிற நேரத்தில் பூசாரி கொஞ்சம் தயங்கினார். "பொம்பள தலையில கட்டுற வழக்கம் இல்லியே..."

"உள்ள உக்காந்திருக்கிறதே பொம்பளதானேய்யா," என்றாள் சுப்பம்மா. பூசாரி அம்மனைத் திரும்பிப் பார்த்தார், மறு பேச்சில்லாமல் கட்டினார். பவானேஸ்வரியின் தலையில் சிவப்புக்கரை ஏறியது. அவள் முகம் விளக்கு வைத்தது போல ஆனது. பந்தலுக்குப் பின்னால் வாழைமரத்தோடு வாழைமரமாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தான் மோர் குடிக்கத்தான் வந்ததாக அவர் பிறகு சாதித்தார்.

மேளம் கொட்டியது, தேங்காய் உடைந்தது, பவானேஸ்வரி காலை வைத்தாள்.

தேர் துள்ளியது. அம்மனின் கிரீடம் ஒரு பக்கம் சரிந்தது. தேரில் இருந்த பூசாரி தூணைக் கட்டிக்கொண்டு "ஆத்தா!" என்று அலறினார். அவள் பயந்து காலை எடுத்தாள், தேர் சடக்கென்று நின்றது, கிரீடம் இன்னொரு பக்கம் சரிந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி துள்ளியது. அந்தப் பக்கியின் மிதியில் நடுநிலைமை என்பதே கிடையாது. ஒன்று தூங்கும், இல்லாவிட்டால் பாயும். கோல்ஃப்காரர்களுக்கு அது போதும். அம்மனுக்குப் போதுமா?

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பவானேஸ்வரிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்தாள். வாழைமரத்தைப் பார்த்தாள்.

"மாமா! நீங்க வந்து ஓட்டுங்க மாமா!"

வீராசாமி ஒரே எட்டில் வந்துவிட்டார். மோர் எங்கே போனது என்று தெரியவில்லை. ஆனால் தலைவர் குறுக்கே கையை நீட்டினார். "ஏலாது. பரிவட்டம் கட்டின தலை அம்மன் கோயிலுக்குத் திரும்புமட்டும் மாறக் கூடாது. உது ஆதி வழக்கம். அந்தப் பிள்ளைதான் ஓட்ட வேணும்."

அந்த வழக்கத்தை இத்தனை வருஷம் மெச்சிக்கொண்டிருந்தவரே வீராசாமிதான். முன்பொரு ஆடியில் அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டபோதுகூட இதே வழக்கத்தைச் சொல்லித்தான் டிராக்டரை விட்டு இறங்க மறுத்தார்.

"அப்பன்னா எப்படிக் கெளப்புறதுன்னாச்சும் சொல்லுங்க மாமா," என்றாள் பவானேஸ்வரி. "டிராக்டர எப்படிக் கெளப்புவீங்க?"

வீராசாமிக்கு அது ஆயுள் முழுக்கப் பேசிய விஷயம். ஆனால் எப்படி என்று யாரும் கேட்டதில்லை, அவரும் யோசித்ததில்லை. "அது வந்து... கால இப்படி... இல்ல, இப்படி... மொதல்ல டுக்கு டுக்குன்னு வரும். அப்ப விடக் கூடாது. அப்புறம் டுக்டுக்டுக்னு வரும். அப்பவும் விடக் கூடாது. டுர்ர்ர்ருனு ஒரு எடத்துல எளகும் பாரு..."

"இதுல டுக்கும் வரல, டுர்ரும் வரலியே மாமா. சத்தமே இல்லியே!"

ஒரு கணம் அவர் அந்தச் சத்தமில்லாத வண்டியைப் பார்த்தார். கிரீடம் கோணலாக இருந்த அம்மனைப் பார்த்தார். பக்கிக்கு முன்னால் போய் மருமகளைப் பார்த்து நின்றார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தார். வாயால் ஆரம்பித்தார்.

"டுக்... டுக்... டுக்..."

கூட்டம் சிரித்தது. பவானேஸ்வரி சிரிக்கவில்லை. அவள் பெருவிரல் நுனியை மட்டும் மிதியில் வைத்தாள்.

"டுக்டுக்... டுக்டுக்..."

விரல் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"டுர்ர்ர்ர்ர்..."

தேர் நகர்ந்தது. துள்ளவில்லை, குலுங்கவில்லை. அம்மன் மூக்குத்திகூட ஆடவில்லை. வீராசாமி பின்னோக்கியே நடந்துகொண்டு கியர் மாற்றினார், இரண்டாவது கியருக்கு ஒரு தனிச் சத்தம் வைத்திருந்தார். அவர் வாய் எப்படிப் போனதோ அப்படியே அவள் கால் போனது.

தோட்டத்துத் தேர் நேராகப் போய்விடுமா? வீட்டுக்கு வீடு நிற்கும். வீட்டுக்கு வீடு அர்ச்சனைத் தட்டு, தேங்காய், குழந்தைக்கு விபூதி. நின்ற ஒவ்வொரு இடத்திலும் மறுபடி கிளப்ப வேண்டும். வீராசாமி மறுபடி டுக்கிலிருந்து தொடங்குவார். நாதஸ்வரக்காரர் தாளம் கெடுவதாகக் கோபித்துக்கொண்டார். அப்புறம் அவரும் வேறு வழியில்லாமல் டுக்குக்கு ஏற்ப வாசிக்கத் தொடங்கினார். சிம்பாங் அம்பாட் நாற்சந்தியில் ஒரு கரும்பு லோரிக்காரன், டிராக்டர் வருகிறது என்று நினைத்து ஓரங்கட்டி நின்றான். வெகுநேரம் டிராக்டரைத் தேடியிருக்கிறான். போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் பக்கிக்கடியில் குனிந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு வழிவிட்டார். மேட்டில் ஏறும்போது வீராசாமியின் வாயிலிருந்து புகை வந்ததாகக்கூடச் சிலர் சொல்கிறார்கள். அதை நான் சொல்லவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை.

தேர் கொட்டகைக்குத் திரும்பியபோது அம்மன் முகம் சிரித்த முகமாக இருந்தது, பவானேஸ்வரிக்கும் அப்படியே. வீராசாமிக்கு மட்டும் குரல் இல்லை. கழுத்துக்குள் ஏதோ கரகரத்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை தலைவர் விசாரிக்க வந்தார். வீராசாமி வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பவானேஸ்வரி உள்ளேயிருந்து பரிவட்டத் துணியைக் கொண்டுவந்தாள். அனலில் காட்டிச் சூடாக்கி, மஞ்சள் தடவி, மாமனாரின் தொண்டையைச் சுற்றிப் பதமாகக் கட்டினாள். சிவப்புக்கரை மோவாய்க்குக் கீழே எடுப்பாகத் தெரிந்தது.

"தலைக்குக் கட்டுனது கழுத்துக்கு எறங்கிருச்சு," என்றாள் சுப்பம்மா. "பரவால்ல, ஒடம்புலதான இருக்கு. அவுங்களுக்குக் கஞ்சி கொண்டாம்மா."

அவள் வாயிலிருந்து "அவுங்க" வந்ததை வீராசாமி கவனித்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரி வீராசாமி, இப்ப சொல்லும்," என்றார் தலைவர், இடுப்பைத் தடவிக்கொண்டே. "நிண்டதைக் கிளப்புறதுக்கு எது திறம்? பற்றரி வண்டியோ, உம்மட இரட்டை உயிரோ?"

இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஆயுள் முழுக்கக் காத்திருந்தவர் வீராசாமி. தொண்டையைச் செருமினார். ஒரு கையைத் தூக்கினார். பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

"டுக்," என்றுதான் வந்தது.